அம்மா வெறுங்கையோடு நடந்தாள்

அம்மாவின் முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்ட காலையில் அதை முதலில் பார்த்தது நான்தான். வாய் கொப்பளித்த தண்ணீர் ஒரு ஓரமாக வழிந்து ரவிக்கையை நனைத்தது. வலது கண் மூட மறுத்தது. விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்து நானும் வாயைக் கோணிக் காட்டினேன்.

நடுவட்டத்தில் கூடலூர் சாலையோரம் எங்கள் டீக்கடை. பனிக்காற்று அடித்துவிட்டது என்று கடைக்கு வந்தவர்கள் எல்லாம் தீர்ப்புச் சொன்னார்கள். அப்பா பக்கவாதமோ என்று பயந்து, கடையைச் சாத்திவிட்டு எங்களை ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா புருவங்களைத் தூக்கச் சொன்னார். ஒன்றுதான் எழுந்தது. பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பு சோர்ந்திருக்கிறது, உடனே வந்தது நல்லது என்றார். மாத்திரையும், கண் காயாமலிருக்கச் சொட்டு மருந்தும் கொடுத்தார். ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. அம்மாவுக்குச் சோறு நேரத்துக்கு இறங்கியதே இல்லை. பஸ் வந்தால் ஒரு டீ, லாரி வந்தால் ஒரு டீ, பசித்தால் வர்க்கி பிஸ்கட்.

"இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. ஆனா சர்க்கரை இருக்கறவங்களுக்கு வர்ற வாய்ப்பு அதிகம். சீனியை விடுங்க. நல்லாத் தூங்குங்க. தினமும் நடங்க" என்றார்.

பக்கத்து வீட்டில் இருந்த அத்தைக்கு, அம்மா நங்கையா என்று கூப்பிடும் அப்பாவின் அக்காவுக்கு, வேறு கவலை. "மூஞ்சி நேராகற வரைக்கும் கல்லாவுல உக்காராத புள்ள. வர்றவங்க பயந்துக்குவாங்க."

மறுநாள் அம்மா விளக்கைப் போட்டுக்கொண்டு கல்லாவிலேயே உட்கார்ந்தாள். அவள் பேச்சில் 'ப' எல்லாம் காற்றாய்ப் போனது. ஒருவர் டீயைக் குடிக்காமல் அவளையே பார்த்தார். "ஏனுங்க, மூஞ்சியத்தான பாக்கறீங்க? நல்லாப் பாத்துக்குங்க. டீ ஆறிரும்" என்றாள்.

அதைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டது. நடையைத்தான் பொறுக்கவில்லை. எங்கள் மலையில் பெண்கள் நாளெல்லாம் நடக்கிறார்கள். தலையில் விறகோ முதுகில் தேயிலை மூட்டையோ இருந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வெறுங்கையோடு ஒருத்தி நடந்தால் பால்காரரிலிருந்து கண்டக்டர் வரை கேட்டார்கள், எங்கே போறீங்க என்று.

"ஒரு கொடத்தையாவது இடுப்புல வெச்சுக்க. தண்ணிக்குன்னு சொல்லிக்கலாம்" என்றாள் அத்தை.

"தண்ணிக்குப் போகலீங்க நங்கையா. நடக்கத்தான் போறேன்."

துணைக்குப் போன எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு நானே முந்திக்கொண்டு, "எங்கம்மா நடக்கறாங்க. உங்களுக்கென்ன?" என்று கத்த ஆரம்பித்தேன். அம்மா என்னை அதட்டவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக உதடு நேரானது. கண் மூடியது. 'ப' திரும்பி வந்தது. அதுதான் சரியாகிவிட்டதே, இனி எதற்கு நடை என்று அடுத்த கேள்வி வந்தது. அம்மா சீனியில்லாத டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் காலை, மூடுபனிக்குள் சாலை வளைவில் யாரோ நிற்பது தெரிந்தது. அத்தை. அம்மாவைத் திருப்பிக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறாள் என்று நான் சண்டைக்குத் தயாரானேன். இருவருக்கும் நடுவில் புகுந்து அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பனி ஈரம் என்றே நினைத்தேன்.

அம்மா என் கையை விடுவித்துவிட்டு அத்தையின் கையைப் பிடித்தாள். "மெதுவாவே போலாங்க, வாங்க" என்றாள்.

அத்தை வருஷக்கணக்காகச் சர்க்கரை மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்கிவந்தவள் என்பதும், அம்மாவின் முகம் கோணியதிலிருந்து அவள் தினமும் கண்ணாடி முன்னால் புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. இவ்வளவு நாள் அம்மாவுக்காகச் சண்டை போட்டவள் நான், எதிரியின் கையைப் போய்ப் பிடிக்கிறாளே என்ற ஆத்திரத்தில், இருவரையும் பின்னால் விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தேன்.