அக்கா வைத்துக்கொண்ட கை

நனைத்த பீடி இலையின் வாசனை. ஈரச் சாக்கில் சுருட்டி வைத்திருந்ததைக் காலையில் பிரிக்கும்போது மழை ஊறிய காட்டுத்தரை போல ஒன்று எழும்பும். சென்னையில் நான் குடியிருக்கும் தெருவில், மழைக்குச் சற்று முன்னால், எப்போதாவது அது எங்கிருந்தோ வந்துவிடுகிறது. வந்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. படியிறங்கி எங்கே என்று இல்லாமல் நடப்பேன். ஓரிடத்தில் உட்காரும் வரம் எனக்கு வாய்க்கவில்லை. அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறந்தவள் அக்கா.

தென்காசியில் அவள் வீட்டு முன்னறையில், மடியில் முறம், முறத்தில் புகையிலைத் தூள், கையில் கத்தரி. கண் டி.வி.யில் இருக்கும். விரல்கள் தம் போக்கில் இலையை வெட்டும், உருட்டும், நூல் சுற்றும், முனையை மடக்கும். மாமா இறந்துபோனபிறகு அந்த வலது கைதான் வீட்டை நடத்தியது.

கட்டி வந்ததும் வலது மார்பில்தான். திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். கூடவே அக்குளிலிருந்து நெறி என்கிற நிணநீர்க் கணு ஒன்றிரண்டை எடுத்துச் சோதித்ததில், அதற்குள்ளும் நோய் போயிருந்தது.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "மார்புக்கு எப்படியும் கரண்டு, அதான் கதிர்வீச்சு, வைக்கணும்மா. அக்குளுக்கு ரெண்டு வழி இருக்கு. மிச்ச நெறியையும் ஆபரேஷன்ல எடுத்துரலாம். இல்லன்னா அங்கயும் சேர்த்துக் கரண்டு வச்சிரலாம். உங்களுக்கு இருக்கிற அளவுக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் காக்கும். எடுத்தா கை வீங்குறதுக்கு வாய்ப்பு கூட. கரண்டுலயும் வீங்கலாம், ஆனா கம்மி. யோசிச்சுச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் நான் யோசிக்கவில்லை. "வெட்டித் தூரப் போட்டுரு அக்கா அந்தச் சவத்த. உள்ளயே கிடந்தா உனக்குத் தூக்கம் வருமா?"

"உனக்கென்னட்டி, பேனா பிடிக்கிற கை. வீங்குனா மத்த கையில எழுதிக்கிடுவ. அதையும் நாலு பேரு நல்லாருக்குன்னு சொல்லுவான்," என்றாள் அக்கா.

ஊருக்குத் திரும்பும் வழியில் கீழப்பாவூரில் இறங்கிச் சித்தி வீட்டுக்குப் போனோம். சித்திக்கும் இதே நோய். நெறியை எல்லாம் எடுத்துப் பல வருஷமாகிறது. நோய் திரும்பவில்லை. கைதான் வீங்கி, தோள் முதல் விரல் வரை தலையணை போல ஆகியிருந்தது. ஜாக்கெட்டின் ஒரு கையைக் கிழித்து வேறு துணி வைத்துத் தைத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரில நல்லாத்தான் பாத்தாவ, குறை சொல்லப்பிடாது. உசிரோட இருக்கம்லா," என்றாள் சித்தி. "ஆனா சீலை உடுத்தணும்னா அடுத்தவளக் கூப்பிடணும்ட்டி. பீடி எங்கன சுத்த?"

அக்கா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காப்பி ஆறிப்போகும்வரை வைத்திருந்தாள். பஸ் ஏறியதும் சொன்னாள். "கரண்டே வச்சிரட்டும்."

அப்புறம் வாரக்கணக்கில் அதே பஸ். ஆலங்குளத்தில் பாதி தூக்கம் கலையும், திருநெல்வேலியில் மீதி. கதிரை எங்கே பாய்ச்ச வேண்டும் என்பதற்கு மார்பிலும் அக்குளிலும் மையால் கோடு போட்டிருந்தார்கள். முடியும்வரை அங்கே தண்ணீர் படக்கூடாது, கோடு அழியக்கூடாது. மற்ற இடங்களை ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். அவள் குழந்தை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்ப்பாள்.

அதற்குள் சீசன் வந்துவிட்டது. மேற்கே மலையை மேகம் மூடி, தெருவெல்லாம் சாரல். குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கியதும் அவள் தெருவில் பீடி சுற்றும் பெண்கள் ஒரு நாள் முறத்தைக் கவிழ்த்துவிட்டு, தலையில் எண்ணெய் வைத்து, வேன் பிடித்துப் போவார்கள். ஒரு வருஷமும் அக்கா விட்டதில்லை. அவர்கள் போன அன்று நான் அசந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது அவள் ஈரத் தலையோடு அடுப்படியில் நின்றாள். சும்மா சாரலில் நின்றேன் என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கரண்டு மிஷினைப் பார்க்கும் பெண் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, இது யாரு போட்ட கோடு?"

"நாந்தான்மா. பழசு அழிஞ்சு போச்சு, கண்ணாடி பாத்து மைப் பென்சில்ல போட்டேன். நீ போட்டதவிட நேரா இருக்கா, இல்லையா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அன்று கரண்டு வைக்கவில்லை. மறுபடி ஸ்கேன், மறுபடி அளவு, மறுபடி கோடு. பஸ்ஸில் நான் கத்தினேன், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. இது என்ன பொட்டு வைக்கிற விளையாட்டா? அருவியில் தண்ணீர் அடுத்த வருஷம் விழாதா?

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். சித்தி ஊருக்குப் பிரியும் பாவூர் விலக்கு தாண்டியபிறகு சொன்னாள்.

"ரெண்டு கையையும் தூக்கித் தண்ணிய வாங்குனேன்ட்டி. சித்தியால அது முடியாது."



கரண்டு முடிந்தபோது அக்குள் கறுத்து, தோல் உரிந்து, பிறகு ஆறியது. கை வீங்கவில்லை. அக்கா மறுபடி முறத்தை மடியில் எடுத்தாள். போனில் பேசும்போது பின்னால் கத்தரியின் சத்தம் கேட்கும். அது கேட்டால் போதும் எனக்கு, என்ன பேசினாள் என்பதெல்லாம் அப்புறம்தான்.

அடுத்த சீசனுக்கு முன்னால் முதுகு வலித்தது. உட்கார்ந்தே இருப்பதால் என்று தைலம் தேய்த்தாள். பிறகு ஸ்கேன். எலும்பு, ஈரல். டாக்டரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். அன்றைக்கே வெட்டி எடுத்திருந்தால்?

"அக்குள் சுத்தமாத்தான் இருக்கு," என்றார். "அங்க இது திரும்பி வரல. ரத்தத்துல எப்பவோ போயிருக்கு. அவங்க எந்த வழியில போயிருந்தாலும் இதைத் தடுத்திருக்கும்னு எனக்குத் தோணல."

அவர் சொன்னதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். சுவரில் சாய்ந்திருந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"அப்ப, நான் தப்பான வழியக் கேட்டுறலல்லா?"

இத்தனை மாதமும் இந்தக் கேள்வியோடுதான் படுத்து எழுந்திருக்கிறாள். எனக்கு மட்டும்தான் அது இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"இல்லக்கா. இல்ல."

சென்னையில் முடிக்க வேண்டிய வேலை ஒன்று. ஒரு வாரத்தில் திரும்பிவிடுவதாகச் சொன்னேன். அந்த வாரம் அவளுக்குக் கிடைக்கவில்லை. நான் கிளம்பிய அன்று சாயங்காலம் ஸ்டேஷனுக்கு ஆட்டோ வந்து நின்றபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். இடது கை சுவரில். வலது கையை என் பைக்கு நீட்டினாள்.

"சும்மா இரு. தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லா?"

"அது முதுகுக்குத்தான்ட்டி. கைக்கு என்ன, நல்லாத்தான இருக்கு? குடு இங்கன."