மெண்டலுக்காக நிற்கும் பாட்டு

நியூ ஜெர்சியில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்தும் நூருத்தீனுக்கு, பாட்டில் ஒரு நொடி வீணாகப் போனாலும் பற்றிக்கொண்டு வரும். இருபது வருடங்களுக்கு முன் பிரிந்துபோன யூத பக்திப் பாடகர் குழு ஒன்று மறுபடி கூடி அவனிடம் ஆல்பம் பதிவுசெய்தது. ஐவரில் மெண்டல் இறந்துவிட, பாடியது நால்வர். ஒவ்வொரு அடியின் நடுவிலும் நால்வரும் ஒருசேர நின்று, பிறகே தொடர்ந்தார்கள். கோளாறு என்று நினைத்த நூருத்தீன் அந்த மௌனங்களை வெட்டி எறிந்தான்.

போட்டுக் காட்டியதும் கிழவர்கள் முகம் வெளிறிப்போனது. மெண்டலுக்கு ஆஸ்துமாவாம், அவன் மூச்சிழுத்து முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்களாம்.

வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டினான். மறுநாள் காரில் போகும்போது அந்தப் பாட்டை ஓடவிட்டான். பாட்டு நிற்கும்போதெல்லாம் அவன் மூச்சை இழுக்க, பக்கத்திலிருந்த மனைவி இஸ்ரத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, உங்களுக்கு எப்பலேருந்து வீசிங்?"