கண்ணுக்குக் கீழே ஒரு சுழி

வேலந்தாவளத்தில் குதிரை ஏலம் நடக்கிறது. பக்கத்துப் பந்தலில் ஓவியர் ஒருவர் குதிரைப் படங்கள் விற்கிறார். வாங்க வந்தவர் ஒரு செவலைக் குதிரையின் படத்தைக் கையிலெடுத்து உற்றுப் பார்க்கிறார்.

"ஏனுங்க, கண்ணுக்குக் கீழ சுழி இருக்குதுங்களே. இதை ஊட்டுல மாட்டுனா ஆகாதுங்க."

நானும் எட்டிப் பார்க்கிறேன். எனக்குக் குதிரை மட்டும்தான் தெரிகிறது.

"நெசக் குதிரைக்கே அங்க சுழி இருக்குதுங்க" என்று ஓவியர் வெளியே கைகாட்டுகிறார். அந்தச் சுழியாலேயே ஏலத்தில் கேட்க ஆளில்லாமல் செவலை வேப்பமரத்தடியில் நிற்கிறது.

வந்தவர் நகரப் பார்க்கிறார். ஓவியர் பிரஷ்ஷை எடுத்து ஒரே இழுப்பில் சுழியை மறைக்கிறார். படம் விற்றுவிடுகிறது.

குதிரைக்காரரிடம் போய், "உங்க குதிரைப் படம் வித்துருச்சு" என்கிறேன்.

"சுழியோடவுங்களா?"

"அதை அழிச்சுட்டார்."

"அப்ப அது என்ற குதிரை இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, கயிற்றை அவிழ்த்துச் செவலையை வீட்டுக்கு நடத்திப் போகிறார்.