தலைமுறைக்குள் வந்த பிள்ளை

முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து விசுவமடுவில் கொட்டில் போட்டிருந்த காலத்தில்தான் கத்தோலிக்கரான எங்களுக்கு மகள் கிடைத்தாள். அவளைப் பெற்றவள் பக்கத்துக் காணியில் இருந்த சைவக் குடும்பத்து இளம்பெண். புருஷன் ஷெல் விழுந்து செத்துப்போக, கைக்குழந்தையோடு தமையன் வீட்டில் இருந்தாள். மலேரியா அவளைப் படுக்கையில் போட்டது. மருந்துக்குப் பெரும் தட்டுப்பாடு. நான் கஞ்சி கொண்டுபோன ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்குப் பிள்ளை இல்லைத்தானே. இவளை எடுங்கோ. உங்கட சாமியைக் கும்பிட்டு வளர்ந்தாலும் எனக்குச் சந்தோசம்தான்."

சில நாட்களில் அவள் போய்விட்டாள். தமையனே குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

என் கணவரின் தகப்பன், மாமா, கரைவலை இழுக்கிறவர்களுக்கு ஏலேலோப் பாட்டு எடுத்துக்கொடுத்த மனிதர். பின்னேரச் செபம் முடிந்ததும் தன் மற்றப் பிள்ளைகள் வழிப் பேரப்பிள்ளைகளின் தலையில் கை வைத்து, "ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் யாக்கோபுக்கும் சொன்ன வாக்கு உனக்கும் பலிக்கட்டும்" என்பார். அவருடைய தகப்பனும் அப்படித்தான் செய்தாராம். முதல்நாள் நான் மகளை அவர் முன்னால் நீட்டினேன். அவர் கை எழும்பவில்லை.

"வளர்க்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை, பிள்ளை. ஆனா அந்த வாக்கு ஆபிரகாமுக்கும் அவற்ற சந்ததிக்கும் குடுத்தது. இரத்தத்தில வாறது."

"கொஞ்சம் பொறு" என்றார் கணவர். என்னால் முடியவில்லை. ஊரில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தவள் நான். மறுநாள் செபத்தில் மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கத்தை, ஆபிரகாமில் தொடங்கும் இயேசுவின் தலைமுறைப் பட்டியலை, விரித்து அவர் கையில் கொடுத்தேன்.

"இதில வெறும் பேர்தானே கிடக்கு?"

"வாசியுங்கோ மாமா."

வலை இழுக்கும் வேகத்தில் வாசித்துக்கொண்டு போனவர் ராகாபு என்ற பெயரில் தடக்கினார். "இவா எரிக்கோக்காரியெல்லோ? வேற சனம்." என்று தனக்குள் சொன்னார். ரூத்து வந்ததும், "மோவாப்காரி, இவாவும் வேற சனம்" என்றார். குரல் மெதுவாகிவிட்டது. கடைசியில் சூசையப்பரிடம் வந்து நின்றார்.

"எங்கட ஆண்டவருக்குச் சூசையப்பர் ஆர், மாமா?"

"வளர்த்த தகப்பன்."

"அப்ப ஆபிரகாமின்ர வாக்கு அவர் வழியா வந்ததோ, இல்லையோ?"

மாமா கண்ணாடியைக் கழற்றினார். கொட்டிலில் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இவ்வளவு காலமும் இந்தப் பக்கத்தை ஓடி ஓடி வாசிச்சிருக்கிறன்" என்றவர் இரண்டு கையையும் நீட்டினார். "கொண்டா அவளை."

தலையில் கை வைத்தார். ஈசாக்கு என்று சொல்லும்போது சொல் பிசகியது. விடவில்லை, மறுபடி ஆபிரகாமிலிருந்து தொடங்கி முழுதையும் உரத்துச் சொல்லி முடித்தார். என் கணவர் சிரித்தார், அழுதார், என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கோ அன்றுதான் பிள்ளை பிறந்தது போலிருந்தது.

கிடுகு ஓலை வேய்ந்த கோயிலில் ஞானஸ்நானம். அவளுடைய தாய்மாமன் நெற்றி நிறைய விபூதியோடு வந்து முன்வரிசையில் நின்றார். தலையில் தண்ணீர் பட்டதும் மகள் போட்ட கத்தலில் கோயிலே சிரித்தது. "கரைவலைக் குரல்!" என்று மாமா பெருமையோடு கூவினார்.

வெளியே வந்ததும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கொட்டில் கொட்டிலாகப் போனார். பின்னால் நாங்கள் எல்லோரும். வழியில் ஒரு பெண் கேட்டாள்:

"ஆற்ற பிள்ளை, ஐயா?"

"என்ர பேத்தி" என்றார் மாமா. "ஆபிரகாமின்ர பரம்பரை."

மகள் அவருடைய மீசையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.