சொட்டு மருந்துக்கு நடுவே சொன்ன கதைகள்

வீட்டுக்காரருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இரண்டு வகைச் சொட்டு மருந்து. ஒன்றை விட்டபின் ஐந்து நிமிஷம் கண்ணை மூடியிருக்க வேண்டும், அப்புறம்தான் அடுத்தது. சும்மா இரு என்றால் இருக்கிற ஆள் இல்லை, போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் நான் படிக்கிற கதையை அந்த ஐந்து நிமிஷத்தில் சொல்லச் சொன்னார். எவ்வளவு தடித்த நாவலானாலும் அவ்வளவு நேரம்தான்.

போகும்போது படிப்பேன். திரும்பும்போது மகளோடு போன். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்தவள், கூடப் படித்த வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது என்று இவர் சொல்லிவிட்டார். நான் பஸ்ஸில் எடுக்கிறேன்.

முதலில் ஒரு எஸ்டேட் நாவல். ஒரு அத்தியாயம் முழுக்க மழை பெய்கிறது, யாரும் ஒரு வேலையும் செய்வதில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. கடைசியில் மேனேஜர் ஓடையில் கிடக்கிறார்.

"பாடியை மொதல்ல பாத்தது யாரு?" என்றார். கதை சொல்கிறவன் என்றேன்.

"அப்ப அவனத்தான் விசாரிக்கணும்."

எவ்வளவு பதவிசாகக் கதை சொன்னவன். இப்போது எனக்கும் அவன் மேல் சந்தேகம்.

அடுத்தது சிறுகதைகள். பாதிக் கதைகளில் யாராவது ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். ஒன்று மட்டும் மனசில் தங்கிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பஸ்ஸில் தனித்தனி சீட்டில் போகிறார்கள், இறங்கும்வரை பேசவில்லை.

"இதுல கேஸே இல்லையே," என்றார். இல்லைதான்.

மூன்றாவது, ஒரு பருத்தி வியாபாரி குடும்பத்து நாவல். இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொண்ட மகளை அப்பன் வீட்டுப் படி ஏற விடவில்லை. அட்டையில் இதெல்லாம் போடவில்லை, பாதியில்தான் தெரிந்தது. இதைச் சொன்னால் என்னோடும் பேச்சை நிறுத்திவிடுவாரோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு நல்ல நாவலை மறைக்க மனசு வரவில்லை. முதல் சொட்டை விட்டுவிட்டு, கண்ணை மூடியிருந்தவரிடம் சொல்லிமுடித்தேன்.

"பொறவு அவன் மகளைக் கூப்பிட்டானா?"

"இல்ல. செத்துப் போயிட்டான்."

"யாரும் அடிச்சுட்டாங்களா?"

"வயசாயிருச்சு."

"புள்ள வந்துச்சா?"

"சேதி தெரிஞ்சு வந்தா. அதுக்குள்ள எடுத்துட்டாங்க."

அடுத்த சொட்டுக்கு நேரமாகியும் கண்ணைத் திறக்கவில்லை.

"இந்நேரம் வீட்டுல இருப்பாளா?"

"அவ எந்த ஊருல இருக்கான்னே கதையில இல்ல."

"கதைய விடுட்டி. நம்ம புள்ள."

நான் நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தேன். மணி அடிக்கும்போது அவர் எழுந்து உட்கார்ந்து சட்டைப் பித்தான்களைப் போட்டுக்கொண்டார்.

"சொல்லும்மா," என்றாள் மகள்.

"அப்பா பேசுறேன்," என்றார்.