பத்துப் புளியங்கொட்டையும் ஒரு கிதாரும்

1962-ம் வருஷம். புதுக்கோட்டை அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, திருச்சி ஜில்லாவோடு இருந்தது. நான் திருவரங்குளம் யூனியன் ஆபீஸில் கிளார்க். வயது இருபத்தெட்டு. ஒரு மனுவில் தேதி விட்டுப் போயிருந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுகிற ஆள் நான். அதில் எனக்குப் பெருமை வேறு. அப்படிப்பட்ட நான் ஒரு முழுப் பொய்யில் மாட்டிக்கொண்டு முழித்த கதை இது.

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கிதார் தொங்கிக்கொண்டிருந்தது. பினாங்கிலிருந்து லீவில் வந்த என் பெரியப்பா மகன், திரும்பக் கப்பல் ஏறும்போது சாமான் அதிகம் என்று எங்களிடம் விட்டுப்போனது. வீட்டில் யாருக்கும் அதைத் தொடவே தெரியாது. சரஸ்வதி பூஜைக்கு மட்டும் ஆத்தா அதை இறக்கித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பாள். எங்கள் வீட்டில் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

பொன்னமராவதியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா ஜவுளிக்கடைக்காரர். பெண் பார்க்கப் போன அன்று, பொண்ணு பாடுமா என்று ஆத்தா கேட்டாள். ‘அருமையா பாடும், இன்னிக்குப் பாத்து தொண்டை கட்டிக்கிச்சு’ என்றார் அவர். பெண் தலையைக் குனிந்தபடி காப்பித் தம்ளரை நீட்டியது. என் முகத்தைப் பார்த்ததா என்றுகூடத் தெரியாது. எனக்குப் பிடித்துப்போயிற்று.

அடுத்த வாரம் அவர்கள் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா நேரே கிதாரிடம் போய் நின்றார். இதை யார் வாசிக்கிறது என்று கேட்டார். ஆத்தா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “எம் மவந்தான். எடுத்தான்னா தெருவே கூடிரும்” என்றாள். அந்த இடத்தில் நான் ‘இல்லைங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். நானோ, “ஆபீஸ் வேலையில முன்ன மாதிரி நேரம் கெடைக்கிறதில்லைங்க” என்று அடக்கமாக வேறு சொல்லிவைத்தேன். பொய்க்கு ஆத்தா அஸ்திவாரம் போட்டாள், நான் சுவர் எழுப்பிவிட்டேன்.

தட்டு மாற்றி நிச்சயமும் ஆயிற்று. பிறகு பெண்ணின் அப்பா அச்சடித்த கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்தது. பிரித்துப் படித்தேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள், மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. அதன் கீழே, ஏழு மணிக்கு மணமகனின் கிதார் இசை. மைக் செட் உண்டு என்பதையும் மறக்காமல் அச்சடித்திருந்தார். ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தாகிவிட்டதாம். கல்யாணத்துக்கு இன்னும் நாற்பத்தைந்து நாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தரகர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். மூத்த பெண்ணுக்கு முதலில் பேசிய மாப்பிள்ளை சிங்கப்பூரில் மேனேஜர் என்று சொன்னார்களாம். மெஸ்ஸில் சமையல் வேலை என்று பின்னால் தெரிந்ததும், ‘சமையல் வேலைன்னே சொல்லியிருந்தா குடுத்திருப்பேன்’ என்று சொல்லி, நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பியவராம் பெண்ணின் அப்பா. அதைக் கேட்டபின் எனக்கு வாய் வரவில்லை. எனக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பெண்ணை இழக்க எனக்கு மனசில்லை.

சரி, கற்றுக்கொண்டுவிடுவோம் என்று கிதாரை இறக்கினேன். நாற்பத்தைந்து நாளில் நாற்பத்தைந்து பாட்டு என்று கணக்கு. விடிந்ததும் இரண்டு மணி நேரம், ஆபீஸ் விட்டு வந்து மூன்று மணி நேரம் என்று கம்பியைப் பிராண்டினேன். எந்தப் பாட்டை எடுத்தாலும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன், ஒரு இடத்தில் தடுக்கும், மறுபடி தொடக்கத்துக்கே போவேன். ஐந்தாம் நாள் இடது கை விரல் நுனியெல்லாம் கொப்பளித்து, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன்.

அந்த வாரம் ஒரு கிராமத்துக்கு ஆபீஸ் ஜீப்பில் போகவேண்டியிருந்தது. டிரைவர் என் விரல்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். பட்டாளத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். நான் அவரை ‘நீ’ என்றுதான் பேசுவேன்.

“கம்பி வாத்தியமா சார்?” என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பட்டாளத்தில் அவரோடு தங்கியிருந்த ஒரு கோவாக்காரரிடம் கிதார் இருந்ததாம். மூன்று வருஷம் அவரிடம் கற்றுக்கொண்டு வாசித்தாராம். கோயிலைச் சுற்றித் தேடியும் கிடைக்காத சாமி, நான் ஏறி உட்கார்ந்த ஜீப்பிலேயே இருந்திருக்கிறது. சொல்லிக்கொடு என்று கேட்டேன். கல்யாணத்துக்கு வாசிக்க ஆசை என்று மட்டும் சொன்னேன். பொய் பேசியதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு, ஆபீஸ் திறப்பதற்கு முன், ஜீப் ஷெட்டுக்குக் கிதாரைக் கொண்டுபோனேன். அவர் ஒரு தடவை மீட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார். கம்பியெல்லாம் துரு, சுருதியும் இல்லை. ஐந்து நாளாக நான் சுருதி சேராத வாத்தியத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். திருச்சிக்கு வண்டி போனபோது புதுக் கம்பி வாங்கி வந்து மாட்டினார். முதல் மூன்று நாள் சுருதி சேர்ப்பதைத் தவிர வேறெதையும் தொடவிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு மெட்டு. நான்கு வரி. பட்டாளத்தில் நடைபோடும் தாளத்தில் அவரே கட்டியது. நாற்பத்தைந்து பாட்டு நினைத்தவனுக்கு ஒரு மெட்டா என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவர் சொன்னது: “வண்டி பழகுறவன் மொத நாளே மெட்ராஸுக்குப் போவானா சார்? ஷெட்டுக்குள்ள ரிவர்ஸ் எடுக்கத் தெரியணும் மொதல்ல.”

காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிஷம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விரலுக்கு லீவு. முதலில் சுருதி, அப்புறம் ஒரு பிடியிலிருந்து இன்னொரு பிடிக்கு விரலை மெதுவாக மாற்றிப் பழக வேண்டும். பிறகு எந்த இடத்தில் தடுக்கிறதோ அந்த இடம் மட்டும். முழு மெட்டையும் வாசிப்பது கடைசியில், ஒரே ஒரு தடவை. எனக்குத் தடுக்கும் இடம் மூன்றாவது வரி. அதற்கு அவர் பத்துப் புளியங்கொட்டை கொடுத்தார். பத்தும் இடது பக்கம் இருக்க வேண்டும். மூன்றாவது வரியைப் பிசகில்லாமல் வாசித்தால் ஒரு கொட்டையை வலது பக்கம் தள்ளலாம். ஒரு பிசகு வந்தால், ஒன்பது தள்ளியிருந்தாலும் பத்தும் இடது பக்கம் திரும்பிவிட வேண்டும்.

இது அநியாயம் என்றேன். அவர் சிரித்தார்.

“எம் லீவு லெட்டர மூணு தடவ திருப்பிவிட்டீங்கள்ல சார். மொத தடவ தேதி இல்லேன்னீங்க, அப்பறம் வெலாசம், அப்பறம் கையெழுத்து எடம் மாறிப்போச்சுன்னீங்க. அது மாதிரிதான். தப்புன்னா மொதல்லேருந்து.”

எனக்குச் சுருக்கென்றது. அந்த லீவு அவர் தங்கை பிரசவத்துக்காகக் கேட்டது. நான் திருப்பித் திருப்பி அனுப்பியதில் குழந்தை பிறந்த பிறகுதான் அவரால் போகமுடிந்தது. அதை மனசில் வைத்திருக்கிறவர் எனக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை. அன்றிலிருந்து அவரை ‘நீங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

இரண்டு வாரம் போயிற்று. விரல் காய்த்தது, வலி போயிற்று. ஆனால் மூன்றாவது வரியில் நாலு கொட்டை, ஐந்து கொட்டைக்கு மேல் நகரவே இல்லை. கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது மெல்ல ஒரு கள்ளத்தனம் புகுந்தது. கொஞ்சம் பிசகினால், இது பிசகே இல்லை என்று கொட்டையைத் தள்ளிவிடுவேன். ஒருநாள் ஷெட்டுக்குப் போய், பத்தும் போயாச்சு என்று சொன்னேன்.

வாசிக்கச் சொன்னார். மூன்றாவது வரியில் மாடு வரப்பில் இடறுகிற மாதிரி இடறினேன். அவர் திட்டவில்லை.

“கொட்டை பத்தும் அங்கிட்டுப் போயிருச்சு, சரி. வெரலு இன்னும் இங்கிட்டேதான சார் நிக்குது” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தெட்டு வயசு ஆம்பிளை, ஜீப் ஷெட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். வீடு பார்க்க வந்த அன்று சொன்ன பொய்யிலிருந்து பத்திரிகை வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கிதாரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“இன்னும் பதினஞ்சு நாள்ல இந்த மெட்ட நீங்க வாசிச்சுப்புடுவீங்க. அதுல எனக்குச் சந்தேகமில்ல. வாசிச்சு முடிச்சதும் கூட்டத்துல ஒருத்தர் ‘இன்னொண்ணு’ம்பாரு. அப்ப என்ன சார் செய்வீங்க?”

இத்தனை நாள் முதல் பாட்டைப் பற்றியே பயந்துகொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டு என் நினைப்புக்கே வரவில்லை. அதற்கு அடுத்த வருஷங்களில் அந்தப் பெண்ணோடு வாழப்போகிற வாழ்க்கையும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, விரலுக்கு லீவு நாளில், புதுக்கோட்டையில் பஸ் மாறிப் பொன்னமராவதிக்குப் போனேன். ஆத்தாவிடம் சொல்லவில்லை. வழியெல்லாம் அந்தத் திருப்பி அனுப்பிய தட்டுதான் கண்ணில் நின்றது. கடை வாசலில் என்னைக் கண்டதும் பெண்ணின் அப்பாவுக்கு ஆச்சரியம். வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்காரச் சொல்லி, எலை போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். இவர் உப்பைத் தின்றுவிட்டு இதைச் சொல்லக்கூடாது என்று தோன்றியது. எழுந்து நின்றேன்.

“எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. எங்காத்தா சொன்னதும் பொய்யி, நான் சொன்னதும் பொய்யி. பத்திரிகையப் பாத்த பெறகுதான் கத்துக்கவே ஆரம்பிச்சேன்.”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தார். வாசல் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

“இப்ப எவ்வளவு தெரியும்?” என்றார்.

“ஒரு மெட்டுங்க. அதுலயும் மூணாவது வரியில தடுக்கும்.”

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நான் அதுவரை கேட்டிராத குரல்.

“அப்பா, அப்படின்னா மறுவீட்டுல நானும் பாட வேணாம்லப்பா?”

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பெரிய மனிதரின் முகம் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. தொண்டை கட்டவும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பாடவே வராதாம். எங்கள் ஆத்தா, மருமகள் மறுவீட்டுக்கு வரும்போது பாடுவாள் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தது இங்கே எட்டி, பெண் ஒரு மாசமாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சிங்கப்பூர்க்காரன் பொய்ய நாங்க தேடிக் கண்டுபிடிச்சோம். நீங்க பஸ் ஏறி வந்து சொல்லியிருக்கீங்க. நானும் ஒரு பொய் சொன்னவந்தான். உக்காருங்க மாப்பிள்ளை, எலை காயுது” என்றார்.

மாப்பிள்ளை என்று அவர் சொன்னபோது நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு மூன்று தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்படி ஒரு தூக்கம் தூங்கினேன், புதுக்கோட்டையில் கண்டக்டர் தட்டித்தான் எழுப்பினார். மறுநாள் காலை புளியங்கொட்டையை எடுத்து வைத்து, உண்மையாகவே தள்ள ஆரம்பித்தேன். அந்த வாரக் கடைசியில் பத்தும் வலது பக்கம் போய்ச் சேர்ந்தன.

மாப்பிள்ளை அழைப்பன்று மாமனாரே மைக்கைப் பிடித்தார். மாப்பிள்ளை ஒரு மாசமாகத்தான் பழகுகிறார், ஒரே ஒரு மெட்டுத்தான் தெரியும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். டிரைவரை முன் வரிசை நாற்காலியில் என் சொந்தக்காரர்களுக்கு நடுவே உட்காரவைத்திருந்தேன். ஆரம்பித்தேன். அத்தனை கண்களைப் பார்த்ததும், பத்துக் கொட்டையும் தள்ளிய அதே மூன்றாவது வரியில் விரல் இடறியது. நின்றேன். பழைய ஆளாக இருந்தால் முதலிலிருந்து ஆரம்பித்திருப்பேன், இல்லை எழுந்து ஓடியிருப்பேன். அந்த வரியை மட்டும் மறுபடி வாசித்தேன். சரியாக வந்தது. மேலே போனேன். மெட்டே அப்படித்தான் போலிருக்கிறது என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள்.

முடித்ததும் பந்தலின் கடைசியிலிருந்து ஒருவர் ‘இன்னொண்ணு’ என்று கத்தினார். டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மாமனார் மைக்கில், “இன்னொண்ணு அடுத்த வருசம்” என்றார். பந்தலே சிரித்தது. அந்தச் சிரிப்பில் என்னைக் கேலி செய்யும் சிரிப்பு ஒன்றுகூட இல்லை.

மறுவீட்டில் யாரும் யாரையும் பாடச் சொல்லவில்லை. தன் பேச்சு மைக்கிலேயே பொய்யாகிப்போனதில் ஆத்தாவுக்கு மட்டும் கொஞ்ச நாள் கோபம் இருந்தது. ஆபீஸில் யாருடைய லீவு லெட்டரில் தேதி விட்டுப்போயிருந்தாலும், கூப்பிட்டு உட்காரவைத்து அங்கேயே போடச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்தக் கால் மணி நேரப் பழக்கத்தை நான் விடவில்லை. இரண்டாவது மெட்டு அடுத்த வருஷம் வந்தது, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

அந்தப் பத்துப் புளியங்கொட்டையையும் என் மனைவி ஒரு சின்ன டப்பியில் போட்டு வைத்திருக்கிறாள். யாரிடமாவது நான் கொஞ்சம் கூட்டிப் பேச ஆரம்பித்தால், உள்ளேயிருந்து அந்த டப்பியைக் குலுக்குகிற சத்தம் கேட்கும். நான் பேச்சை நிறுத்தி, எங்கே பிசகினேனோ அந்த இடத்துக்குத் திரும்பிப்போய், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வருவேன்.