வெள்ளிக்கிழமை லட்சுமி

அமிர்தம் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை சுடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. உடம்புக்கு வண்ணம் பூசவும் ஆள் கிடைக்கும். கண் மட்டும் அவளிடம்தான் வரும். மாதச் சம்பளமெல்லாம் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து எழுதி, கூடையில் வைக்கோல் பரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால், பொம்மைக்கு இவ்வளவு என்று கூலி. அதுவும் கொடுத்தால்தான்.

ஜங்ஷன் ரோட்டில் பொம்மைக் கடை வைத்திருந்த ராஜாங்கம், கொடுக்க மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பழியை அவன் மேல் போட முடியாது. காலையில் போனால், "இன்னும் போணியே ஆவலம்மா, அதுக்குள்ள காச வெளிய எடுக்கச் சொல்றியா?" என்பான். மத்தியானம் சாப்பிடப் போயிருப்பான். சாயங்காலம் சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரியும். "வெளக்கு வெச்ச பெறகு லட்சுமிய வெளிய அனுப்பலாமா? நீயே சொல்லு." செவ்வாய், வெள்ளி என்றால் கேட்கவே வேண்டாம். அதே கல்லாவிலிருந்து அவன் மகன் விளக்கு வைத்த பிறகு நோட்டை உருவிக்கொண்டு சினிமாவுக்குப் போவான். அது வேறு லட்சுமி போலிருக்கிறது.

இந்தக் கூத்தையெல்லாம் வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டவளுக்கு, சுனாமி வந்ததற்கு முந்தின நவராத்திரியில்தான் முடியாமல் போயிற்று. அவளுக்கே கண் மங்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மூக்குக் கண்ணாடி கடை வைத்திருந்த தேவநாதன் சோதித்துப் பார்த்து, கண்ணாடியும் செய்து வைத்துவிட்டார். ஒரு தடவை போட்டும் காட்டினார். தன் உள்ளங்கை ரேகையை அவள் அன்றுதான் வெகு நாளைக்குப் பிறகு பார்த்தாள். "மீதிப் பணத்தக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்கம்மா" என்று அவர் கழற்றி வாங்கி டப்பாவில் போட்டு மூடிவிட்டார். அந்த மீதிப் பணம் ராஜாங்கத்தின் கல்லாவில் இருந்தது.

கொலு நெருங்கியதும் ராஜாங்கம் லட்சுமி பொம்மைகளைக் கூடை நிறைய அனுப்பினான். அவள் நேரே கடைக்குப் போய்க் கேட்டாள்.

"கண்ணாடி இருந்தாத்தாண்ணே கண்ணு எழுத முடியும். பழய பாக்கியக் குடுங்க."

"மொதல்ல எழுதிக் கொண்டாம்மா. எல்லாத்தையும் மொத்தமா வாங்கிக்க."

அந்த 'மொத்தமா'வை நம்பி, பொம்மையை மூக்குக்கு நேரே பிடித்து, கைப் பழக்கத்தில் எழுதினாள். சனிக்கிழமை காலையில் மெட்ராஸ் வியாபாரி வருகிறார் என்று சொல்லியனுப்பியதால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கூடையை இறக்கினாள். ராஜாங்கம் டியூப் லைட்டுக்கு அடியில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். சிலதை ஷெல்பில் ஏற்றினான். நிறைய பொம்மைகளை ஒதுக்கினான். பிறகு சிரித்தான்.

"இன்னா அமிர்தம், லட்சுமிக்கு ஒண்ணரக்கண்ணு வெச்சிருக்க?"

வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குக் கோணல் எதுவும் தெரியவில்லை.

"இத எவன் கொலுவுல வைப்பான்? எனக்குத்தான் நட்டம். ஒன் பாக்கியும் புதுக் கூலியும் இதுல கழிஞ்சிபோச்சி. நீயே எடுத்துட்டுப் போ" என்று ஒதுக்கிய லட்சுமிகளை அவனே கூடையில் அடுக்கி, தூக்கி அவள் இடுப்பில் வைத்தான்.

"அண்ணே, இன்னிக்கி வெள்ளிக்கிழம. வெளக்கும் வெச்சாச்சு."

"அதுக்கு?"

"இத்தினி லட்சுமிய வெளிய அனுப்புறீங்களே."

ராஜாங்கம் ஒரு நிமிஷம் விளக்கைப் பார்த்தான். "வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. இது காசா? பொம்மதான" என்று செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

அவன் குடும்பமே விளங்காது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தாள். தேவநாதன் கடை திறந்திருந்தது. உள்ளே போய் ஒரு லட்சுமியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"கையில காசு இல்லீங்க. எத்தினி வேணும்னாலும் எடுத்துக்குங்க. கண்ணாடியக் குடுப்பீங்களா?"

அவர் பொம்மையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணு கோணலா இருக்குதேம்மா."

"ஆமாங்க" என்றாள் அமிர்தம். "அதுக்குத்தான கண்ணாடி கேக்குறேன்."

"மீதிப் பணத்தோட வாங்கம்மா" என்று அவர் பொம்மையைத் திரும்பக் கூடையில் வைத்தார்.